டெலிபோனும் வெள்ளோட்டமும்

(வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் யோசனை சொல்கிற ஆள் இன்றைக்கு டெலிபோனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கே ஒரு டெலிபோன்தான், அதுவும் தபால் ஆபீஸில். அந்த வருஷம் சின்ன வெங்காயம் நல்ல விளைச்சல். வியாபாரி காலையிலேயே களத்துக்கு வந்து ஒரு விலையைச் சொன்னார். டவுன் மண்டியில் அன்றைய விலை என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று எங்க அப்பா தபால் ஆபீஸுக்குப் போய் டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்கவில்லை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கொண்டிருந்தார். உச்சி வேளைக்கு வியாபாரி, "அண்ணே, வண்டி நிக்குது, கொடுக்கறதுன்னா கொடுங்க, இல்லேன்னா நான் அடுத்த ஊர் பாக்கறேன்" என்றார். வேறு வழியில்லாமல் மூட்டைகளை ஏற்றிவிட்டார் அப்பா. சாயந்திரம் நாலு மணிக்கு லைன் வந்தது. மண்டிக்காரர் விலையைச் சொன்னார். அது எவ்வளவு என்று அப்பா கடைசி வரைக்கும் எங்களிடம் சொல்லவில்லை.

டெலிபோன் இருந்தும் வேளைக்கு உதவவில்லை. எங்கேயோ பெரிய நகரத்துக்காகச் செய்த ஏற்பாடு, எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது. அது எப்படிச் சரியானது? சின்னதாக ஒன்றைச் செய்து, ஓட்டிப் பார்த்து, பிழை கண்டு, திருத்தித் திருத்தித்தான் சரியானது. கோயில் தேரைப் புதிதாகச் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் வெள்ளோட்டம் விடுகிறோம் இல்லையா? அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா, தெருமுனை வளைவில் முட்டுகிறதா என்று பார்க்கத்தான். பொறியியல்காரர்கள் இப்படி ஒரு மாதிரியைச் சட்டென்று செய்து பார்ப்பதைத் துரித மாதிரி அமைப்பு என்கிறார்கள். டெலிபோனின் சரித்திரமே இப்படிப்பட்ட வெள்ளோட்டங்களின் சரித்திரந்தான்.

ஒரே நாளில் செய்த கருவி

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்து வந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்ப முடியுமா என்று அவர் ஆராய்ந்து கொண்டிருந்தார். அவருக்குக் கருவிகள் செய்து கொடுத்தவர் தாமஸ் வாட்சன், பட்டறைத் தொழிலாளி. 1875-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி வாட்சன் பக்கத்திலிருந்த கருவியில் ஒரு எஃகு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் அதை விரலால் சுண்டினார். அடுத்த அறையில் இருந்த பெல்லுக்கு அந்தச் சுண்டலின் ஓசை கம்பி வழியாக அப்படியே கேட்டது. ஓசையே கம்பியில் போகுமானால், பேச்சு ஏன் போகாது?

பெல் உடனே ஒரு வடிவத்தைச் சொன்னார். வாட்சன் மறுநாளே அதைச் செய்து முடித்துவிட்டார். மரச் சட்டத்தில் ஒரு தோல் சவ்வு, அதோடு சேர்ந்த எஃகு நாக்கு, ஒரு காந்தச் சுருள், இவ்வளவுதான். பார்க்கத் தூக்குமரம் போல இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. வேலை செய்ததா? அரைகுறையாகத்தான். குரல் வருவது தெரிந்தது, வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த அரைகுறைதான் வழி காட்டியது. திருத்திக்கொண்டே போனார்கள். 1876-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 10-ஆம் தேதி, பக்கத்து அறையிலிருந்த வாட்சனைப் பெல் கருவி வழியாகக் கூப்பிட்டார். வார்த்தை தெளிவாகக் கேட்டு வாட்சன் ஓடி வந்தார்.

நூறு வீட்டுக்கு எத்தனை கம்பி?

இரண்டு பேர் பேசுவதற்கு ஒரு கம்பி இருந்தால் போதும். ஊரே பேச வேண்டும் என்றால்? கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 10 வீடு இருந்து, ஒவ்வொரு வீட்டையும் மற்ற எல்லா வீட்டோடும் இணைக்க வேண்டுமானால் 45 கம்பி வேண்டும். 100 வீடானால் 4,950 கம்பி! வெயில் தரையில் படாது, பந்தல் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதற்கு வழி என்ன? நம் வாய்க்கால் பாசனத்தில் பார்க்கிறோமே, அதே வழிதான். ஒவ்வொரு வயலுக்கும் ஆற்றிலிருந்து தனி வாய்க்காலா வெட்டுகிறோம்? ஒரு இடத்தில் மதகு வைத்து, வேண்டிய பக்கம் திறந்து விடுகிறோம். அதே போல எல்லா வீட்டுக் கம்பியையும் ஒரு இடத்துக்குக் கொண்டு வந்து, யாருக்கு யார் வேண்டுமோ அவர்களை அங்கே இணைத்து விடுவது. அந்த இடந்தான் எக்ஸ்சேஞ்ச், அதாவது தொலைபேசி நிலையம்.

1877-ஆம் ஆண்டு நியூ ஹேவன் என்ற ஊரில் பெல் தம் கருவியை எல்லாருக்கும் காட்டினார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் காய். மறு வருஷம், 1878 ஜனவரி 28-ஆம் தேதி, 21 சந்தாதாரர்களோடு உலகத்தின் முதல் வியாபார எக்ஸ்சேஞ்சை அவர் அதே ஊரில் தொடங்கிவிட்டார். இணைப்புப் பலகையை எதனால் செய்தார் தெரியுமா? வண்டிக்குப் போடுகிற போல்ட்டுகளாலும், அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பாவாடைக்குள் வைத்துக் கட்டும் சட்டத்தின் கம்பியாலும்! கையில் கிடைத்த சாமானைக் கொண்டு செய்த மாதிரிதான் அது. ஆனால் அந்தப் பலகையில் 21 பேர் நிஜமாகவே பேசினார்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களுக்கு நம்பிக்கை வந்தது.

வெட்டியான் தொழில் பார்த்தவர் கண்ட வழி

ஆரம்பத்தில் இந்த இணைப்பையெல்லாம் கையால் போட்டவர்கள் ஆபரேட்டர்கள். நீங்கள் ரிசீவரை எடுத்தால் அவர் கேட்பார், இன்னாரைக் கூப்பிடு என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவர் மனசு வைத்தால்தான் இணைப்பு.

கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு பிணம் அடக்கம் செய்யும் தொழிலுக்கு வந்தவர். அதே ஊரில் அவருக்குப் போட்டியாக இன்னொருவர் தொழில் செய்தார். போட்டிக்காரருக்கு வேண்டிய பெண்மணி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாராம், ஸ்ட்ரோஜரைத் தேடி வரும் அழைப்புகளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாராம் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, நடுவில் ஆளே இல்லாத எக்ஸ்சேஞ்ச் செய்ய வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

அவர் பொறியியல் படித்தவர் அல்ல. சட்டைக் காலர் வைக்கும் வட்டமான அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, அதில் வரிசை வரிசையாகக் குண்டூசிகளைக் குத்தி, நடுவில் ஒரு குச்சியை வைத்து யோசித்தார் என்று சொல்லப்படுகிறது. குச்சி மேலே ஏறி, பிறகு சுற்றித் திரும்பினால் எந்தக் குண்டூசியை வேண்டுமானாலும் தொடலாம் அல்லவா? பத்து வரிசை, வரிசைக்குப் பத்து முனை. 47-ஆம் நம்பர் வேண்டுமா? நாலு படி ஏறு, ஏழு படி திரும்பு, தொட்டுவிட்டாய். இதற்கு 1889-ல் விண்ணப்பித்து 1891 மார்ச் 10-ஆம் தேதி காப்புரிமை பெற்றார். 1892 நவம்பர் 3-ஆம் தேதி இந்தியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற சிற்றூரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது.

முதலில் பொத்தானை எத்தனை தடவை அழுத்துவது என்று சந்தாதாரர் எண்ணிக் கொண்டிருக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் வேறு வீடு! ஓட்டிப் பார்த்ததில் இந்தக் குறை தெரிந்தது. அவரோடு வேலை செய்தவர்கள் 1896 வாக்கில் சுழற்றும் டயலைக் கண்டார்கள். பழைய கறுப்பு டெலிபோனில் நாம் விரலை விட்டுச் சுற்றினோமே, அதன் வேலை இதுதான்: நாலில் விரல் விட்டால் மின்சாரம் நாலு தடவை அறுந்து சேரும், அங்கே குச்சி நாலு படி ஏறும். அட்டைப் பெட்டியில் பிறந்த அந்த யோசனை உலகம் பூராவும் பல பத்தாண்டுகள் ஓடியது. நம் நாட்டில் 1948-ல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகளைச் செய்தது.

முள்வேலியில் ஓடிய பேச்சு

இனி சொல்வது நம்மைப் போன்ற விவசாயிகளின் கதை. பெல்லின் காப்புரிமைகள் 1893, 1894-ஆம் ஆண்டுகளில் முடிந்தன. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் டெலிபோன் செய்யலாம் என்று ஆயிற்று. ஆனால் பெரிய கம்பெனிகள் பட்டிக்காட்டுப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு மைல், இரண்டு மைல். கம்பம் நட்டால் கட்டுபடியாகாது என்றார்கள்.

அமெரிக்க விவசாயிகள் பார்த்தார்கள். மாட்டுக்காகப் போட்ட முள்வேலி பண்ணைக்குப் பண்ணை தொடர்ந்து ஓடுகிறது. அதுவும் கம்பிதானே? கருவியை விலைக்கு வாங்கி வேலியில் மாட்டிவிட்டார்கள். வேலிக்கம்பி மரக்கம்பத்தைத் தொட்டால், மழையில் நனைந்த மரம் வழியாக மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், பேச்சு மங்கும். அதனால் பாட்டில் கழுத்து, தோல் துண்டு என்று கிடைத்ததை நடுவில் வைத்துக் கட்டினார்கள். வண்டிப் பாதை வரும் இடத்தில் உயரமான இரண்டு கம்புகளை நட்டுக் கம்பியை மேலே தூக்கி விட்டார்கள்.

ஒரே கம்பியில் பத்து, இருபது வீடுகள். எல்லார் வீட்டிலும் மணி அடிக்கும். இரண்டு நீட்டு ஒரு குட்டு அடித்தால் ஒரு வீடு, ஒரு நீட்டு மூன்று குட்டு அடித்தால் இன்னொரு வீடு என்று அடையாளம். ஆனால் எல்லாருமே எடுத்து ஒட்டுக் கேட்பார்கள்! எடுக்கிறவர் அதிகமாக அதிகமாகப் பேச்சு மங்கும். ஆனாலும் அதனால் நன்மை எவ்வளவு! புயல் வருகிறது, வைக்கோலுக்குத் தீப் பிடித்தது, சந்தையில் இன்றைக்கு இந்த விலை என்று ஒரே நேரத்தில் அத்தனை வீட்டுக்கும் சேதி போனது. 1920-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்கப் பண்ணைகளில் 100-க்கு 38-க்கும் மேல் டெலிபோன் இருந்தது. வேலியில் மட்டும் ஓடியது அல்ல, கூட்டுறவாகச் சேர்ந்து கம்பம் நட்டவர்களும் நிறையப் பேர். வேலியில் ஓட்டிப் பார்த்துப் பயன் தெரிந்த பிறகு காசு போட மனசு வந்தது.

வெளியூர் விதையும் உள்ளூர் மண்ணும்

நம் நாட்டுக்கு டெலிபோன் சீக்கிரமே வந்துவிட்டது. 1882-லேயே கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. ஆனால் நகரத்தோடு நின்றது. 1948-ல் நாடு முழுவதற்கும் சுமார் 80,000 டெலிபோன்கள், 1981-ல் சுமார் 21 லட்சம். கிராமத்தின் பங்கு அதில் மிகச் சொற்பம்.

இதற்கிடையில் ஒரு பாடம் நடந்தது. 1960-களில் ஸ்ட்ரோஜருக்கு அடுத்ததான கிராஸ்பார் என்ற வகையை ஐரோப்பாவிலிருந்து கொண்டு வந்தார்கள். அங்கே நன்றாக ஓடியதுதான். ஆனால் அங்கே ஒரு டெலிபோனை ஒரு குடும்பம் பேசும். இங்கேயோ டெலிபோன் குறைவு, ஒன்றைத் தெருவே பேசும். எக்ஸ்சேஞ்சு அத்தனை பேச்சைத் தாங்கவில்லை, பழுது மேல் பழுது. பிறகு நம் பொறியாளர்கள் அதை நம் பழக்கத்துக்குத் தக்கபடி மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. வெளியூர் விதையை உள்ளூர் மண்ணில் ஒரு பாத்தி போட்டுப் பார்க்காமல் ஊரெல்லாம் விதைத்த கதைதான்.

இதைச் சொல்லும்போது என் தப்பையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. களிமண் பூமி. ஒற்றை நாற்று நடவுக்கு என்று உருளும் களைக்கருவிகள் ஒரே மூச்சில் ஐம்பது வந்தன. படம் போட்ட புத்தகத்தில் அழகாக இருந்தது. ஐம்பதையும் ஐம்பது பேருக்குக் கொடுத்துவிட்டேன். வயலில் இறக்கினால் சேற்றில் புதைகிறது. வயதான அம்மா ஒருத்தி, "தம்பி, இதை நீ ஒரு சால் தள்ளிப் பாரு" என்றார். தள்ளினேன். பத்தடி போவதற்குள் மூச்சு வாங்கியது. அப்புறம் உள்ளூர்க் கொல்லுப்பட்டறை ஆசாரியிடம் ஒன்றைக் கொண்டு போனோம். முன்னால் இருக்கும் மிதவைத் தகட்டை அகலப்படுத்தினார், மறுபடி புதைந்தது. கைப்பிடியை உயர்த்தினார், இடுப்பு வலி குறைந்தது. மூன்றாவது தடவையில் ஓடியது. ஆனால் அதற்குள் களை எடுக்கிற பருவம் போய்விட்டது. நாற்பத்தொன்பது கருவி திண்ணையில் துருப்பிடித்தது. ஒன்றை மட்டும் முதலில் ஓட்டிப் பார்த்திருந்தால்? அந்த அம்மாவின் வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கிட்டூரில் வைத்த பெட்டி

இனி நல்ல செய்திக்கு வருவோம். 1984 ஆகஸ்ட் மாதம் மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. ஒரிசாவில் பிறந்து அமெரிக்காவில் டெலிபோன் தொழிலில் பெயர் எடுத்த சாம் பிட்ரோடா அதற்குத் தூண்டுகோல். ஜி. பி. மீமாம்சி அதன் செயல் இயக்குநர். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று கெடு வைத்துக்கொண்டார்கள்.

மேல்நாட்டு மின்னணு எக்ஸ்சேஞ்ச் என்றால் ஆயிரக்கணக்கான இணைப்பு, குளிர்சாதன அறை, தூசி படாத இடம். நம் கிராமத்தில் குளிர்சாதனத்துக்கு எங்கே போவது? கரண்டே வந்து வந்து போகிறது. ஆகவே சி-டாட்காரர்கள் முதலில் சின்னதாகக் கையில் எடுத்தார்கள். 128 முனை கொண்ட கிராம எக்ஸ்சேஞ்ச். குறைந்த மின்சாரம் குடிக்கும் சில்லுகளைப் போட்டார்கள், அதனால் சூடு குறைந்தது. பெட்டிக்குள் பலகைகளைக் காற்று தானாக மேலெழும்பிச் சூட்டை வெளியே எடுத்துப் போகும்படி அடுக்கினார்கள். நெல் குதிருக்குக் காற்றோட்டம் வைப்பது போலத்தான். தூசி புகாமல் காப்பும் வைத்தார்கள். குளிர்சாதனமே தேவைப்படவில்லை.

1986-ஆம் ஆண்டு ஜூலையில் அந்தப் பெட்டியைக் கர்நாடகத்தில் கிட்டூர் என்ற ஊரில் கொண்டு போய் வைத்தார்கள். ராணி சென்னம்மா வெள்ளையனை எதிர்த்த அதே கிட்டூர். ஊர் வெயில், ஊர்த் தூசி, ஊர்க் கரண்டு, இதுதான் உண்மையான வெள்ளோட்டம். அதில் தேறிய பிறகே பல தொழிற்சாலைகளுக்கு உரிமம் கொடுத்து, ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. பெரிய நகர எக்ஸ்சேஞ்ச் சொன்ன கெடுவுக்குள் முடியவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு, அது உண்மையுந்தான். ஆனால் சின்னது முதலில் ஓடியது, பெரியதற்கும் அதுவே படியாயிற்று. எங்கள் ஊருக்கும் பின்னால் மஞ்சள் பலகை மாட்டிய டெலிபோன் கடை வந்தது. டிரங்க் கால் போட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் காத்திருந்த காலம் அதோடு முடிந்தது.

இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். அதே 1984-ல்தான் அமெரிக்காவில் சார்லஸ் ஹல் என்ற பொறியாளர் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1986-ல் கிடைத்தது. சின்னப் பிளாஸ்டிக் சாமானுக்கு மாதிரி வேண்டுமென்றால் அச்சு வெட்ட வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹல் என்ன செய்தார்? ஒளி பட்டால் இறுகும் ஒரு திரவத்தின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, தோசை மேல் தோசை அடுக்குவது போலப் படலம் படலமாக உருவத்தை வளர்த்தார். டெலிபோன் ரிசீவர் காதில் சரியாக உட்காருமா என்று பார்க்க வேண்டுமா? அச்சே வெட்டாமல் ஒன்றைச் செய்து காதில் வைத்துப் பார்த்துவிடலாம். துரித மாதிரி என்ற பேச்சு தொழிற்சாலைகளில் பரவியது இதிலிருந்துதான்.

முடிக்கும் முன்

1995-ல் நம் நாட்டில் செல்போன் வந்தது. 2004-ல் விவசாயிகளுக்கென்றே கிசான் அழைப்பு மையம் வந்தது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிட்டு, பூச்சிக்கு என்ன மருந்து என்று தமிழிலேயே கேட்கலாம். மண்டி விலை கேட்க இப்போது யாரும் உச்சி வேளை வரை காத்திருப்பதில்லை. எங்க அப்பாவுக்கு அது வாய்க்கவில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

ஆகையால் பெருமக்களே, நான் சொல்ல வந்தது ஒன்றுதான். புது விதையோ, புது மருந்தோ, புதுக் கருவியோ, யார் கொண்டு வந்தாலும், நானே கொண்டு வந்தாலும் சரி, முதலில் ஐந்து சென்டில் போட்டுப் பாருங்கள். குறை தெரிந்தால் வெட்கப்படாமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள். வாட்சன் செய்த முதல் கருவியில் வார்த்தை புரியவில்லை, ஆசாரி திருத்திய முதல் மிதவை புதைந்தது. இரண்டும் பிறகுதான் ஓடின. சின்னதில் தோற்றால் ஒரு பாத்தி போகும். பெரியதில் தோற்றால் ஒரு போகமே போகும்.